தடுப்பூசி போட்ட பிறகு உடம்பில் தடிப்பு: எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதக் குழந்தைக்கு எம்.ஆர். தடுப்பூசி (தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமானது) போட்டிருக்கிறார்கள். எட்டாம் நாள் காய்ச்சல். மறுநாள் முகத்திலும் மார்பிலும் சிவப்பாகப் பொரிப்பொரியாகத் தடிப்பு. "ஊசியாலதான் அம்மை வந்திருக்கு, அடுத்த ஊசி வேண்டவே வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். குழந்தையின் அம்மா கேட்பது: இது அலர்ஜியா? அடுத்த தவணையை விட்டுவிடலாமா? தடுப்பூசியால் தோலுக்குப் பெரிய ஆபத்து எதுவும் வருமா?

இது அலர்ஜி இல்லை. அடுத்த தவணையை விட வேண்டாம், பதினாறாவது மாதத்தில் கட்டாயம் போடுங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. வரும், ஆனால் மிக அரிது. அந்த அரிதானவை எப்படி இருக்கும் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோல் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் குழந்தைக்கு நடந்தது இதுதான். எம்.ஆர். ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ். அது உடம்புக்குள் போய்ப் பெருக ஒரு வாரம் பிடிக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டு வேலையைத் தொடங்கும்போதுதான் காய்ச்சலும் தடிப்பும் வரும். அதனால்தான் ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வராமல், ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் வருகிறது. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இந்தத் தடிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் மற்ற குழந்தைக்கு இதிலிருந்து தட்டம்மை ஒட்டாது.

ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கண் நன்றாகச் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமலும் சேர்ந்து, குழந்தை துவண்டு கிடந்தால் அது உண்மையான தட்டம்மையாகவே இருக்கலாம். ஊசி போடுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் யாரிடமிருந்தாவது தொற்றியிருந்தால், ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன் நோய் முந்திக்கொள்ளும். தெருவில் வேறு குழந்தைக்கு மணல்வாரி (தட்டம்மைதான்) இருந்ததென்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், உடம்பில் இருப்பது ஊசியில் உள்ள வைரஸா, ஊரில் சுற்றும் வைரஸா என்று பிரித்தே சொல்லிவிட முடியும்.

வீட்டில் வேப்பிலை வைத்திருப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அம்மை என்று முடிவு கட்டிக் காய்ச்சல் மருந்தை நிறுத்துவதும், குளிப்பாட்டாமல் விடுவதும், பாலையும் சாப்பாட்டையும் குறைப்பதும் கூடாது. தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று கேட்டுக் கொடுங்கள். தடிப்பின் மேல் எதுவும் பூச வேண்டாம்.

சரி, பொதுவான விஷயத்துக்கு வருகிறேன். ஊசிக்குப் பிறகு தோலில் ஏதோ வந்தது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டுதான். ஊசி எப்போது போட்டீர்கள்? தடிப்பு எப்போது ஆரம்பித்தது? இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியே பாதி நோயைச் சொல்லிவிடும். தடிப்பின் உருவத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெற்றோர் பலர் போட்டோவை மட்டும் காட்டி "இது என்ன டாக்டர்?" என்று கேட்கிறார்கள். தேதியும் மணியும் இல்லாத போட்டோவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்வது கடினம்.

ஊசி போட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் காணாக்கடி மாதிரித் திட்டுத் திட்டாகத் தடித்து அரித்தால், அதைத்தான் உண்மையான அலர்ஜி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே உதடு, கண் இமை வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, முகம் வெளுத்துத் தலை சுற்றுவது என்று ஒன்று சேர்ந்தாலும் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசி தவணைகளைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், பத்து லட்சம் தவணைக்கு ஒன்று சொச்சம் என்ற அளவில்தான் இது வந்தது. எவ்வளவு அரிது என்றாலும் வந்தால் நேரம் கொடுக்காது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது இதற்காகத்தான். அந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். பஸ் போய்விடும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. அவில் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்குப் பிறகு வரலாம், அதற்குப் பதிலாக வரக் கூடாது. அவில் அரிப்பைக் குறைக்கும், ஆனால் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் அடைக்கும் மூச்சுக்குழாயையும் காப்பாற்றாது. வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையைத் தோளில் போட்டு நடக்காமல் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார்ந்த நிலையில் வைத்திருக்கலாம்.

இந்த அலர்ஜி பெரும்பாலும் ஊசியில் உள்ள கிருமிப் பகுதிக்கு எதிராக வருவதில்லை. கூடச் சேர்க்கும் பொருள்களுக்கு எதிராகத்தான் வருகிறது. இதற்கு நல்ல உதாரணம் ஜப்பான். 1990-களில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட சில குழந்தைகளுக்குத் திடீரென்று கடுமையான ஒவ்வாமை வந்தது. தோண்டிப் பார்த்தால் காரணம் ஜெலட்டின். வைரஸ் கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. முன்னதாகப் போட்ட முத்தடுப்பு ஊசியிலும் ஜெலட்டின் இருந்ததால், அந்தக் குழந்தைகளின் உடம்பு அதை எதிரியாகப் பதிந்து வைத்திருந்தது. ஜெலட்டினை நீக்கிய பிறகு இந்த ஒவ்வாமைகள் நன்றாகக் குறைந்துவிட்டன. ஆகவே ஜெல்லி மிட்டாய் சாப்பிட்டால் வாய் வீங்குகிற குழந்தை என்றால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குத் தட்டம்மை ஊசி தாராளமாகப் போடலாம், அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி போட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும் காணாக்கடியை இந்த வகையில் சேர்க்கக் கூடாது. குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல் வந்தாலே காணாக்கடி வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. இப்படித் தாமதமாக வந்த காணாக்கடிக்காக வாழ்நாள் முழுக்க "இந்த ஊசி ஆகாது" என்று அட்டையில் எழுதிவிடுவது தவறு. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த தவணை எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட முடியும்.

இப்போது நம் ஊரில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்று. அது டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி. ஆணி குத்தினால் டி.டி., கதவில் கை நசுங்கினால் டி.டி., பைக்கில் விழுந்து முட்டி சிராய்த்தால் டி.டி. போன மாதம்தான் போட்டேன் என்று சொன்னாலும், "இருக்கட்டும், இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று போட்டுவிடுகிறார்கள். பாதிப் பேர் தாங்களாகவே கேட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். விளைவு என்ன? ரத்தத்தில் டெட்டனஸுக்கான எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே ஏராளமாக நிற்கும். அதன் மேல் மறுபடியும் அதே மருந்தைச் செலுத்தினால், இரண்டும் ஊசி போட்ட இடத்திலேயே கட்டிக்கொண்டு அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைப் புண்படுத்தும். காலையில் போட்ட ஊசிக்குச் சாயங்காலமே கை கனக்கத் தொடங்கும். ராத்திரிக்குள் தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் கொதிக்கும். சட்டைக் கையை ஏற்ற முடியாது. நாலிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், அதுதான் இதன் கணக்கு.

பார்க்கிறவர்கள் சீழ் வைத்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் எழுதிவிடுவார்கள். தேவையில்லை. சீழ்க்கட்டி உருவாக இரண்டு மூன்று நாளாவது ஆகும், அது நடுவில் மெத்தென்று ஆகி, காய்ச்சலும் நீடிக்கும். இதுவோ அன்றைக்கே வந்து, ஒரு வாரத்தில் வடிந்துவிடும். கையைத் தூக்கி வைத்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, வலிக்குப் பாராசிட்டமால் போட்டால் போதும். அப்படி ஒரு முறை வந்தவர்கள் அடுத்த பத்து வருடத்துக்கு டெட்டனஸ் ஊசி பக்கம் போகத் தேவையில்லை. மற்றவர்களுக்கும் கணக்கு எளிது. சின்ன வயதுத் தவணைகளெல்லாம் சரியாகப் போட்டிருந்தால், சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை, மண்ணும் துருவும் பட்ட ஆழமான காயத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. கடைசியாகப் போட்ட தேதியைப் போனில் குறித்து வைத்துக்கொண்டால் இந்த வேதனையே வராது. கர்ப்பிணிகளுக்குப் போடுகிற தவணை வேறு கணக்கு, அதை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

பிறந்த குழந்தையின் இடது தோளில் போடும் பி.சி.ஜி.யும் இப்படித்தான் வீணாகப் பயமுறுத்துகிறது. ஊசி போட்ட அன்று ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் போல ஆனதும் மிளகளவு கட்டி எழும்பும். அப்புறம் அதன் நுனி மஞ்சளாகி, உடைந்து, லேசாகச் சீழ் கசியும், பொருக்குத் தட்டும், விழும், மறுபடி கசியும். மூன்று மாதம்கூட இழுக்கும். கடைசியில் சின்னக் குழியாகத் தழும்பு நிற்கும். இது ஊசி வேலை செய்கிற விதம். மஞ்சள் பூச வேண்டாம், பவுடர் தூவ வேண்டாம், பிதுக்க வேண்டாம், தண்ணீர் பட்டால் ஒற்றி எடுத்தால் போதும். அக்குளில் நெறி கட்டினால் காட்டுங்கள். சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுவோம், பெரிதாகிக் கொழகொழத்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்போம். புண் மூன்று மாதம் தாண்டியும் ஆறாமல் பரவிக்கொண்டே போனாலோ, உடம்பில் வேறு இடங்களில் கட்டி வந்தாலோ, குழந்தையின் எதிர்ப்புச் சக்தியிலேயே பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மிக அரிது என்றாலும் விடக் கூடாத ஒன்று.

பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு) ஊசி போட்ட தொடையில் சின்ன உருண்டையாகக் கல் போலத் தங்குவது அலுமினிய உப்பால். மருந்தின் வீரியத்தைக் கூட்டச் சேர்ப்பது அது. சில வாரமோ சில மாதமோ இருந்து கரையும். வெகு சிலருக்கு அந்த உருண்டை வருடக்கணக்கில் அரிக்கும், சளி பிடிக்கும்போதெல்லாம் அரிப்பு கூடும். ஸ்வீடனில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அறுத்து எடுக்கத் தேவையில்லாமல் தானாகவே போய்விடும்.

கோவிட் காலத்தில் மாடர்னா ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, எட்டாம் நாள் வாக்கில் அதே கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து அரித்தது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் அப்போது பயந்துபோய்ப் படம் அனுப்பினார்கள். அவர்களுக்கும் இரண்டாவது தவணையைத் தடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் உண்மையில் பயப்படுவது சிவப்புத் தடிப்புக்கு இல்லை. ஊதாப் புள்ளிக்குத்தான். ஒரு கண்ணாடி டம்ளரைத் தோலின் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தியதும் வெளுத்துவிடும். ரத்தக் கசிவாக இருந்தால் அழுத்தியும் மறையாது. எம்.எம்.ஆர். ஊசிக்குப் (எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது) பிறகு ஆறு வாரத்துக்குள், முப்பது நாற்பதாயிரம் தவணைக்கு ஒன்று என்ற அளவில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்து இப்படிப் புள்ளிகள் வருவதுண்டு. ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போவது, எதுவானாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ரூபெல்லா நோயே வந்தால் இதைவிடப் பத்து மடங்கு அதிகமாக இது நடக்கும் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும். காய்ச்சலோடு மறையாத புள்ளிகள் வேகமாகப் பரவினால் ஊசியை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்ததாகவும் இருக்கலாம்.

பயப்பட வேண்டிய மற்றொன்று, தோல் வலிக்க ஆரம்பித்து, கொப்புளம் கிளம்பி, வாயும் கண்ணும் பிறப்புறுப்பும் புண்ணாவது. ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று பெயர். தடுப்பூசிக்குப் பிறகு இது வந்ததாக உலகில் அங்கங்கே பதிவுகள் உண்டு. ஆனால் ஊசிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இதைக் கொண்டுவருவது பெரும்பாலும் மாத்திரைதான். ஃபிட்ஸுக்கான கார்பமசெபின், ஃபெனிடோயின், லாமோட்ரிஜின், மூட்டு உப்புக்கான அலோபுரினால், சல்ஃபா மாத்திரைகள், சில வலி மாத்திரைகள். ஆகவே இப்படி ஒருவர் வந்தால் கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக ஆரம்பித்த மருந்து ஒவ்வொன்றையும் நோண்டி நோண்டிக் கேட்பேன். ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் உயிரே போகலாம்.

தடுப்பூசியால் தோல் பயங்கரமாகப் பாதிக்கப்பட்ட காலமும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய பலரின் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும், பெரியம்மை வராமல் இருக்க அம்மை குத்தினது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-இல் தொடங்கப்பட்டதே அந்த மருந்தைத் தயாரிக்கத்தான். அதில் இருந்தது வாக்சினியா என்ற உயிருள்ள வைரஸ். கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய்) உள்ள குழந்தைக்கு அம்மை குத்தினால், அல்லது அம்மை குத்திய ஒருவரோடு அந்தக் குழந்தை ஒட்டி உறவாடினால்கூட, கரப்பான் உள்ள இடமெல்லாம் கொப்புளமாகப் பரவிவிடும். 1968-இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், முதல் முறையாகக் குத்திக்கொண்ட பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 38 பேருக்கு இது வந்தது. இந்தப் பாதிப்பால் இறந்தவர்களும் உண்டு. 2007-இல்கூட, ராணுவத்தில் அம்மை குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த தந்தையிடமிருந்து கரப்பான் உள்ள இரண்டு வயது மகனுக்குத் தொற்றி, சிகாகோவில் தீவிர சிகிச்சையில் வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தப் பயம் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. "கரப்பான் இருக்கு, தோல் சரியாகட்டும், அப்புறம் ஊசி போடலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இன்றைய குழந்தைகளின் அட்டவணையில் வாக்சினியா கிடையாது. கரப்பான் உள்ள குழந்தைக்கு அட்டவணையில் உள்ள எல்லா ஊசியும் அந்தந்த நாளிலேயே போடலாம். ஊசி குத்துகிற இடத்தில் மட்டும் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

நாய்க்கடி ஊசியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தோலுக்குள் போடும் முறையில் ஊசி போட்ட இடம் சிவந்து அரிப்பது ரொம்பச் சகஜம். கடிவாயில் போடுகிற குதிரை சீரத்தால் (குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள்) ஒன்று, இரண்டு வாரம் கழித்து உடம்பெங்கும் தடிப்பும் மூட்டு வலியும் காய்ச்சலும் வரலாம். எது வந்தாலும் மருத்துவரிடம் காட்டி அதற்கு மருந்து எடுத்துக்கொண்டே மீதித் தவணைகளை முடித்தாக வேண்டும். தடிப்பை எப்படியும் சமாளித்துவிடலாம். ரேபீஸ் வந்துவிட்டால் ஏறக்குறைய யாருமே பிழைப்பதில்லை.

கடைசியாக, நடைமுறையில் செய்ய வேண்டியவை. தடிப்பு தெரிந்ததும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்தால் அளவு தெரியும். ஊசி போட்ட தேதி, மணி, தடிப்பு ஆரம்பித்த தேதி, மணி, இடையில் கொடுத்த மருந்துகள், எல்லாவற்றையும் தடுப்பூசி அட்டையின் ஓரத்திலேயே எழுதுங்கள். தனியாரிடம் போட்டிருந்தால் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவித்தால் அதைப் பதிவு செய்து மாவட்டத்துக்கு அனுப்புவார்கள், கடுமையானதாக இருந்தால் மாவட்ட அளவில் ஒரு குழு காரணத்தை விசாரிக்கும். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024, அதில் பொதுமக்களும் நேரடியாகச் சொல்லலாம். அடுத்த தவணைக்குப் போகும்போது அந்த அட்டையையும் படத்தையும் கையோடு கொண்டுபோய், ஊசி போடுகிறவரிடம் போடுவதற்கு முன்பே காட்டுங்கள்.